கண் டாக்டரின் தவறான பதில்கள்

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பேசி முடிக்க விட்டதே இல்லை. நியூவர்க்கில் சாப்பாட்டு மேஜையில் அப்பா ஒன்று சொன்னால் அண்ணன் மறுப்பான், அண்ணனை அத்தை மறுப்பாள், நடுவில் அம்மா கரண்டியால் மேஜையைத் தட்டுவாள். அப்படி வளர்ந்த ஜினா பலாடினோவாகிய நான், மனிதர்கள் கூட்டத்துக்குப் பயந்து தங்கள் கண்ணையே நம்பாமல் போவதைப் பற்றி முனைவர் பட்டம் வாங்க மினசோட்டாவுக்கு வந்து சேர்ந்தேன். 'இல்லை' என்று வாயைத் திறந்து சொல்லவே தெரியாத ஜனங்கள் நடுவில். என் நேரம், வேறென்ன!

ஜூனுக்குள் பட்டம் கையில் வந்தால் துலூத்தில் ஒரு கல்லூரியில் வேலை. வராவிட்டால் அந்த வேலை வேறொருவருக்கு. நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு அப்பாவின் ரொட்டிக் கடைக்குப் போக வேண்டியதுதான். 1974 குளிர்காலம் முழுக்க இந்த ஒரே எண்ணத்தோடுதான் எழுந்தேன், தூங்கினேன்.

சோதனை ரொம்ப எளிமையானது. ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள், மூன்றும் வெவ்வேறு நீளம். முதல் கோட்டுக்குச் சமமானது மூன்றில் எது என்று சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஏழு பேரில் ஆறு பேர் என் ஆட்கள், நாடகக் குழு மாணவர்கள். தொடக்கத்தில் சரியாகச் சொல்லிவிட்டு, பிறகு ஆறு பேரும் ஒரே மாதிரி தப்பாகச் சொல்வார்கள். கடைசியில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தச் சதி தெரியாது. அவர் தன் கண் சொல்வதைச் சொல்வாரா, மற்றவர்கள் சொல்வதைச் சொல்வாரா? இதுதான் கேள்வி.

முதலில் மாணவர்களை வைத்துத்தான் தொடங்கினேன். உருப்படவில்லை. எல்லோரும் முதலாமாண்டு வகுப்பில் இதே சோதனையைப் பாடமாகப் படித்தவர்கள். ஒருத்தி அட்டையைப் பார்த்ததுமே என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். இன்னொருவன் முடிந்ததும் வாசலில் நின்றுகொண்டு, "நான் எந்த நம்பரச் சொன்னா உங்களுக்கு நல்லது? சொல்லுங்க, மாத்திச் சொல்றேன்" என்றான்.

"நீ வீட்டுக்குப் போனா எனக்கு நல்லது" என்றேன்.

என் நெறியாளர் பேராசிரியர் ஆர்லோ ஸ்டெனரூட்தான் வழி சொன்னார். "ஊர்க்காரங்களக் கூப்பிடுவோம் ஜினா. எங்க சர்ச்ல பாடகர் குழுவுக்குப் புது அங்கி தைக்கணும்னு நன்கொடை கேட்டுட்டு இருக்காங்க. ஆளுக்கு இவ்வளவுன்னு நம்ம துறை குடுக்கும்னு சொன்னாப் போதும், வரிசையில வந்து நிப்பாங்க."

நின்றார்கள். லூத்தரன் சர்ச்சே திரண்டு வந்தது. பனி பூட்சுகளை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு என் சோதனை அறைக்குள் வந்து உட்கார்ந்தார்கள்.

ஸ்டெனரூட் நல்ல மனிதர். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் அவரைத் திட்டத்தான் போகிறேன். உளவியலில் அவர் பின்பற்றிய மரபு ஒரு மாதிரி. "மனுஷன் என்ன செய்றான்னு பாரு. ஏன் செஞ்சேன்னு அவன் சொல்ற கதையக் கேக்காத, அது அறிவியல் இல்ல" என்பார். அதனால் சோதனை முடிந்ததும் யாரிடமும் காரணம் கேட்கவில்லை. ஆறு பேரும் நடிகர்கள் என்பதையும் சொல்லவில்லை. சின்ன ஊர்; ஒருவரிடம் சொன்னால் மாலைக்குள் மளிகைக் கடை வரை போய்விடும். எல்லோரும் வந்து முடித்த பிறகு மொத்தமாகக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

முடிவுகள் வந்தபோது எனக்கே தலை சுற்றியது. மற்ற இடங்களில் இந்தச் சோதனையில் தவறாகப் போகும் பதில்கள் மூன்றில் ஒரு பங்குதான். அங்கெல்லாம் பெரும்பாலான நேரம் ஜனங்கள் தங்கள் கண்ணைத்தான் நம்பினார்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். எங்கள் ஊரிலோ ஏறக்குறைய எல்லோரும், ஏறக்குறைய எப்போதும், கூட்டத்தோடு போயிருந்தார்கள். ஸ்டெனரூட் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு சின்னதாக ஓர் ஆட்டம் ஆடினார். அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு!

"கூட்டம் சொன்னா இவங்க கண்ணே மாறிடுது ஜினா! நீளமான கோடு இவங்களுக்குக் குட்டையாத் தெரியுது! யாரும் இதுவரைக்கும் இப்படி ஒரு முடிவு காட்டினதில்ல. ஓய்வு பெறுறதுக்குள்ள ஒரு பெரிய விஷயம் செஞ்சிடணும்னு நெனச்சேன். செஞ்சுட்டோம்!"

எனக்கும் சந்தோஷம்தான். துலூத்தில் வீட்டுக்கு எந்த நிறத்தில் திரைச்சீலை போடலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை கடையில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஆர்டிஸ் அம்மாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள், சோதனைக்கும் வந்திருந்தவள். வானிலையைப் பற்றிப் பேசினாள். உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசினாள். போகிறவள் மாதிரி வண்டியைத் திருப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"தப்பா எடுத்துக்காத ஜினா. அன்னிக்கு என் பக்கத்துல உக்காந்திருந்தானே, செம்பட்டத் தலைப் பையன்... அவன் கார் ஓட்டுறானா?"

"ஓட்டுவான்னு நெனக்கிறேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல. அவங்கம்மாகிட்ட யாராவது பக்குவமா எடுத்துச் சொன்னாத் தேவல. ரோடெல்லாம் பனியா கெடக்கு பாரு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மண்டைக்குள் ஏறியது இரண்டு நாள் கழித்துத்தான். கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், வெளியே டாக்டர் வெர்லின் ஆஸ்கார்ட், தொப்பியைக் கையில் பிடித்தபடி. ஊரில் இருக்கும் ஒரே கண் டாக்டர். ஸ்டெனரூட்டின் பால்ய நண்பர். இருவரும் சர்ச்சில் ஒரே பெஞ்சில் வருஷக் கணக்காகப் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள். அவரும் சோதனைக்கு வந்திருந்தார். அத்தனை தடவையும் தப்பாகச் சொல்லியிருந்தார். கண் டாக்டர்! 'பாருங்கள், கண் டாக்டரே ஏமாந்தார்' என்று அதைத்தான் ஸ்டெனரூட் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்துகொண்டிருந்தார்.

உள்ளே கூப்பிட்டேன். வேண்டாம் என்றார். காப்பி என்றேன். வேண்டாம் என்றார். மூன்றாவது தடவை கேட்டபோது, "சரி, உனக்குச் சிரமமில்லன்னா அரைக் கப்" என்று உட்கார்ந்தார். அந்த ஊரில் காப்பி அப்படித்தான் குடிக்க முடியும்.

"அந்த ஆறு பிள்ளைங்கள என் கிளினிக்குக்கு அனுப்பி வைம்மா" என்றார் கோப்பையைப் பார்த்தபடியே. "வர்ற சனிக்கிழமை காலையில வேற யாரையும் வரச் சொல்லல. காசு வேணாம். ஆறு பேருக்கும் ஒரே மாதிரி பார்வை கெட்டுப்போறதுன்னா எனக்குக் கவலையா இருக்கு. விடுதிச் சாப்பாட்டுல ஏதாவது கோளாறோ என்னமோ."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். "டாக்டர், அன்னிக்குக் கடைசி அட்டையில எந்தக் கோடு சரின்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"ஏன் தெரியாம? ரெண்டாவது. அப்பட்டமாத் தெரிஞ்சுதே."

"அப்புறம் எதுக்கு மூணாவதுன்னு சொன்னீங்க?" கத்திவிட்டேன். நியூவர்க் குரல்.

மனிதர் நெளிந்தார். "எல்லாம் சின்னப் பசங்க. நான் கண் டாக்டர். நான் ரெண்டுன்னு சொன்னா என்ன அர்த்தம்? ஆறு பேருக்கும் கண்ணு அவுட்டுன்னு எல்லார் முன்னாடியும் சொன்ன மாதிரி ஆயிடாதா? மனசு ஒடைஞ்சு போயிடுமேம்மா. தனியாக் கூப்பிட்டுச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."

அவர் போன பிறகு சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு என்னையும் ஸ்டெனரூட்டையும் சேர்த்து வைத்துத் திட்டினேன். இந்த ஊர்க்காரர்களுக்குக் கண் மாறவில்லை, ஒரு மண்ணும் மாறவில்லை. கேக் தட்டில் கடைசித் துண்டை எடுக்க மனசு வராமல், பாதியாக வெட்டி, அந்தப் பாதியையும் பாதியாக வெட்டி வைத்துவிட்டுப் போகிற ஜனங்கள் இவர்கள். இவர்களைப் போய் ஆறு பேர் முகத்துக்கு நேரே 'நீங்கள் தப்பு' என்று சொல்லச் சொல்லியிருக்கிறோம். அளந்தது பார்வையை இல்லை, மரியாதையை.

மறுநாள் ஸ்டெனரூட்டிடம் போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சுவாரசியமா இருக்கே" என்றார். அந்த ஊரில் ஒருவர் 'சுவாரசியமா இருக்கே' என்றால் அது குப்பைக் கூடைக்குப் போய்விட்டது என்று பொருள்.

"ப்ரொஃபசர், ஆர்டிஸ் அம்மா சொல்றாங்க, டாக்டர் சொல்றார்..."

"எல்லாரும் அப்புறம் அப்படித்தான் சொல்வாங்க ஜினா. ஏமாந்தேன்னு எவன் ஒத்துக்குவான்? 'எனக்கு அப்பவே தெரியும்'னு ஒரு கதை கட்டிக்குவான். அதனாலதான் நான் கேக்கறதே இல்ல."

இதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கோபம். நியாயம் இல்லாதவரோடு சண்டை போடுவது சுலபம்.

"அப்ப இன்னொரு தடவ நடத்திப் பாக்கறேன்."

"நேரம் இருக்கா? துலூத்த மறந்துட்டியா?"

மறக்கவில்லை. ஆனாலும் பக்கத்து ஊர் சர்ச்சுக்குப் போய் ஆள் பிடித்தேன். அதே அட்டைகள், அதே ஆறு பேர், செம்பட்டைத் தலை உள்பட. ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றினேன். கடைசியில் உட்காருகிறவருக்கு மட்டும் கொஞ்சம் பிந்திய நேரம் கொடுத்து வரவழைத்து, "நீங்க தாமதமா வந்ததால பதிலத் தாள்ல எழுதிக் குடுத்திடுங்க" என்றேன். உரக்கச் சொல்ல வேண்டியதில்லை, யார் முகமும் வாடாது. அவ்வளவுதான், தவறான பதில்கள் பனி உருகுகிற மாதிரி போய்விட்டன.

முழுவதும் போகவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். சிலர் தாளிலும் தப்பாகவே எழுதினார்கள். பால் பண்ணை வைத்திருந்த ஒரு பெண்மணி எழுதிய கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு வேற மாதிரிதான் தெரிஞ்சுது. ஆனா ஆறு பேரு சொல்றப்ப எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன். எங்கம்மாவுக்கும் கண்ணு போறதுக்கு முன்னாடி இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றாள். சோதனை எல்லாம் ஏமாற்று வேலை என்று தூக்கிப் போடத் தயாராக இருந்த நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஓர் அறை, சில அட்டைகள், ஆறு குரல்கள் — இவ்வளவை வைத்து ஒரு மனுஷியைத் தன் கண்ணைச் சந்தேகிக்க வைக்க முடிகிறது. அது நிஜம். எந்த ஊரிலும் எவரும் திரும்பச் செய்து பார்த்துக்கொள்ளலாம். அதுதான் இதன் பலம். ஆனால் அவளும் கண் டாக்டரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். ஏன் சொன்னார்கள் என்பது அட்டையில் தெரியாது. அவளிடம் அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லிவிட்டேன். ஸ்டெனரூட் என்ன நினைத்தாலும் சரி. "நீங்க நல்லா இருக்கீங்க, தப்பெல்லாம் என்னோடதுதான்" என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

பிறகு எங்கள் ஊர்க்காரர்களையும் சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் கூட்டிவைத்து உண்மையைச் சொன்னோம். ஆறு பேரும் நடிகர்கள் என்றதும் கூடமே சிரித்தது. செம்பட்டைத் தலையன் எழுந்து நின்று வணங்க, ஆர்டிஸ் அம்மாள், "அப்ப ஓட்டலாம், கார் ஓட்டலாம்!" என்று கைதட்டினாள். அந்தச் சந்தோஷத்தில் ஸ்டெனரூட் எழுந்து தன் கருத்தை விளக்கினார். கூட்டம் சொன்னால் உங்கள் கண்ணே மாறிவிடுகிறது என்று, முகமெல்லாம் மலர்ந்து, அரை மணி நேரம்.

"அப்படித்தானே?" என்று முடித்தார்.

எல்லோரும் தலையாட்டினார்கள்! கண் டாக்டரும் ஆட்டினார். ஆர்டிஸ் அம்மாள், "அப்படியா, பாரேன்!" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காப்பிக் கோப்பையை யார் தலையிலாவது கவிழ்க்கலாமா என்று இருந்தது.

வாய்மொழித் தேர்வு மே மாதம் வந்தது. ஆய்வேட்டில் இரண்டு சோதனைகளையும் எழுதியிருந்தேன். முதலாவது எதை அளக்கத் தவறியது என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் அந்தத் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். வழக்கமாக ஈ காக்கை வராது. அன்றைக்குச் சர்ச்சே வந்துவிட்டது. 'நம்ம ஜினாவுக்குப் பரீட்சை' என்று ஆர்டிஸ் அம்மாள் ஞாயிற்றுக்கிழமை அறிவித்திருக்கிறாள். பின்வரிசை முழுக்க மடியில் கேக் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் பேசி முடித்ததும் ஸ்டெனரூட் கனைத்துக்கொண்டார். "இரண்டாவது சோதனை தனி விஷயம். தாளில் எழுதினால் அங்கே கூட்டமே இல்லை. அதை எடுத்துவிட்டு, முதல் சோதனையை மட்டும் வைத்து ஆய்வேட்டைத் திருத்தி எழுதலாம் என்பது என் யோசனை. குளிர்காலத்தில் மறுபடி கூடுவோம்."

குளிர்காலம்! ஜூன் போயிற்று, துலூத் போயிற்று. மற்ற மூன்று தேர்வாளர்களையும் பார்த்தேன். ஒருவர் மெல்லத் தலையசைத்தார். அடுத்தவர் அசைத்தார். மூன்றாமவரும் அசைத்துவிட்டார்.

"ஆர்டிஸ் அம்மா, டாக்டர் ஆஸ்கார்ட் ரெண்டு பேரும் உண்மை தெரியறதுக்கு முன்னாடியே எங்கிட்ட வந்து சொன்னாங்க" என்றேன்.

"சொன்னார்கள். ஆனால் நான் விளக்கிய அன்று, அத்தனை பேரும் ஒத்துக்கொண்டார்களே. கூடம் முழுக்கத் தலையாட்டியது. வெர்லினும்தான். இங்கேதானே இருக்கிறார்?"

பின்வரிசையில் நாற்காலி கிரீச்சிட்டது. டாக்டர் ஆஸ்கார்ட் எழுந்து நின்றார். முகம் சிவந்து, காது சிவந்து, கழுத்து வரைக்கும் சிவந்து. பக்கத்தில் இருந்த மனைவி கோட்டைப் பிடித்து இழுத்தாள். உட்காரவில்லை.

"ஆர்லோ, நீ சொல்றது தப்பு."

பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. அந்த ஊரில் ஒரு மனிதர் இன்னொரு மனிதரைப் பார்த்து நாலு பேர் முன்னால் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"நான் கண் டாக்டர். கோடு எனக்கு நல்லாவே தெரிஞ்சுது. தெரிஞ்சுக்கிட்டேதான் பொய் சொன்னேன். ஒவ்வொரு தடவையும்."

"வெர்லின், மன்னிச்சுக்கோ, ஏமாந்தவங்க எல்லாரும் பின்னாடி இப்படித்தான்..."

"மானத்தக் காப்பாத்திக்கத்தான் சொல்றேங்கறியா? கண்ணு ஏமாந்துச்சுன்னா அது யாருக்கும் நடக்கும். பொய் சொன்னேன்னு, இத்தன பேரு முன்னாடி, எம் பொண்டாட்டி முன்னாடி, பாஸ்டர் முன்னாடி நிக்கறேன். இதுல எந்த மானம் மிச்சம் இருக்கு?"

ஆர்டிஸ் அம்மாள் எழுந்தாள். "எனக்கும் தெரிஞ்சுது, ஆர்லோ" என்றாள், கேக் தட்டைக் கையில் பிடித்தபடியே. அப்புறம் அவளுக்குப் பின்னால் ஒருவர். அப்புறம் இன்னொருவர். ஒரு குரல் துணைக்கு வந்தால் போதும், மற்றக் குரல்கள் தானே வரும் என்று இதே சோதனையை வேறு இடங்களில் நடத்தியவர்கள் சொல்கிறார்கள். அதில் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன், என் கண்ணால் பார்த்தேன்.

ஸ்டெனரூட் தேர்வை மறந்துவிட்டார், எங்களையும் மறந்துவிட்டார். நண்பரை மட்டும் பார்த்துக் கேட்டார். "வாராவாரம் எம் பக்கத்துலதானேப்பா உக்கார்ற? அன்னிக்குத் தலையாட்டினியே. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

டாக்டர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார்.

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தியேப்பா" என்றார். "உன்ன அப்படிப் பாத்து எத்தன வருஷமாச்சு. கெடுக்க மனசு வரல."

ஸ்டெனரூட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். துலூத்தையே நான் அந்த நேரம் மறந்துபோனேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்று தேர்வாளர்களும் மேஜையைக் குனிந்து பார்த்தார்கள்.

கடைசியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தேர்வுத் தாளைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"ரெண்டாவது சோதனையும் இருக்கட்டும், வெர்லின் இப்ப சொன்னதையும் அந்த அத்தியாயத்துல சேர்த்துடு ஜினா" என்றார். "அப்படியே, அவன் வார்த்தையிலயே."

சேர்த்தேன்.